பவளம் வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம், பிள்ளைகளே

பதிவு நீளமாக இருக்கும். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் தாங்கியவர்கள்தானே நீங்கள், இதையும் தாங்குவீர்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் நம் பிள்ளை ஒருவன் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறான். நீல விளக்கு, அதன் கீழே பச்சையும் ஊதாவும் ஆரஞ்சுமாகப் பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள். "அடுத்து எந்தப் பவளம் வாங்கலாம்? எப்படிப் பார்த்து எடுப்பது? சார் சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தான். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படிப்பதற்குள் நாற்பது பேர் இதயக் குறி போட்டுவிட்டார்கள். என் தங்கை மகன் இன்னும் ஒரு படி மேலே போனான். தை மாதம் ராஜபாளையத்தில் பால் காய்ச்சப்போகிற புது வீட்டில் ஈசான மூலைக்கு இதே மாதிரி ஒன்று வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டான். "நானே கூரியரில் அனுப்புறேன் அண்ணே, சின்னத் துண்டு நாலாயிரம்தான்" என்று பதில் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வியாபாரம் ஆரம்பமாகிவிட்டது.

என்னைக் கேட்டதால் சொல்கிறேன். தம்பி, எதையும் வாங்காதே. வாங்கி வைத்திருப்பதை யாருக்கும் விற்காதே. மாப்பிள்ளை, நீ ஈசான மூலையில் ஒரு குத்துவிளக்கை வை. லட்சணமாக இருக்கும், கரண்ட் போனாலும் எரியும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபமும் உண்டுதான். ஆனால் காரணம் சொல்லாமல் "கூடாது" என்று மட்டும் சொல்லி நான் யாரையும் உட்கார வைத்ததில்லை.

முதலில் பவளம் என்பது என்ன? குழியுடலிகள் பாடம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஹைட்ரா, ஜெல்லி மீன், கடல் சாமந்தி வரிசையில் வருகிற விலங்கு அது. கல்லும் இல்லை, செடியும் இல்லை. மோதிரத்தில் செவ்வாய்க்காகப் போட்டுக்கொள்கிறீர்களே சிவப்புப் பவளம், அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. வேறு வகை. அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பாறை கட்டும் பவளத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு குடியிருப்பு. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் வாயும் உணர்கொம்பும் உண்டு. அவை தோலோடு தோலாக ஒட்டி வாழ்ந்து, தமக்குக் கீழே சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொண்டே மேலே ஏறுகின்றன. அவற்றின் சதைக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. உணவில் பெரும்பங்கு அந்தப் பாசி தருவதுதான். தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்று இரண்டு டிகிரி சூடேறிச் சில வாரம் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். சதை கண்ணாடி போல் ஆகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். வெளிறல் என்கிறோமே, அது இதுதான். சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

நாம் மலையடிவாரத்துக்காரர்கள். சாஸ்தா கோயில் ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம், கடலைப் பற்றி யோசிக்க மாட்டோம். ஆனால் தூத்துக்குடி நமக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். அங்கிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அந்தப் பக்கத்து மீனவர்கள் 'பார்' என்பார்கள். 1986-ல் அந்த 560 சதுர கிலோமீட்டரைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 117 வகைப் பாறை கட்டும் பவளங்களை ஆய்வாளர்கள் அங்கே கண்டு எழுதியிருக்கிறார்கள்.

21 தீவு என்றேன். இப்போது நீருக்கு மேலே தெரிபவை 19. தூத்துக்குடி பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரை பக்கத்துப் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பினார்கள், பல பத்தாண்டுகள். அலையை உடைத்துக்கொண்டிருந்த சுவர் போனது, பின்னால் இருந்த மணல் கரைந்தது. வான் தீவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. 2015-க்குப் பிறகு அதன் முன்னால் கடலுக்குள் காங்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கி அரசு அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான வருடம் கூலி வாங்காமல் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது கோடிக்கணக்கில் செலவு செய்து நாம் செய்கிறோம்.

இதனால்தான் சட்டம் வந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ல், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் சேர்த்தார்கள். கூடவே கறுப்புப் பவளம், தீப்பவளம், குழல் பவளம், கடல்விசிறி எல்லாம். முதல் அட்டவணை என்றால் என்ன தெரியுமா? புலி இருக்கிற அட்டவணை. யானை இருக்கிற அட்டவணை. நம் தலைக்கு மேலே இருக்கும் மலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அங்கிருந்து ஒரு புலிக்குட்டியைத் தூக்கி வந்து வரவேற்பறையில் கட்டிவைத்துப் படம் போட்டிருந்தால் நாற்பது பேர் இதயம் போட்டிருப்பீர்களா? போலீசுக்குப் போன் போட்டிருப்பீர்கள். பவளம் உறுமாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்டனை, குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஏழு வருடம் சிறை. அபராதம் 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய். இன்னொன்றும் கவனியுங்கள். அந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, ஒருவன் கையில் பொருள் இருந்தால் அது முறையற்ற வழியில் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். முறையாக வந்தது என்று காட்ட வேண்டியவன் வைத்திருப்பவன். கடைக்காரன் நீதிமன்றத்துக்கு வந்து உனக்காகச் சாட்சி சொல்வானா? பில் கொடுத்தானா முதலில்? எனக்குத் தெரிந்தவரை இந்த வியாபாரத்தில் பில்லில் "அலங்காரப் பொருள்" என்று எழுதுகிறவன்தான் நேர்மையானவன், மற்றவன் பில்லே போடுவதில்லை.

உடனே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். "சார், இது இறக்குமதி, நம்ம கடல்ல எடுத்தது இல்ல." குழுவிலும் அவன் இதைத்தான் சொன்னான். பட்டியலில் இருக்கும் வாசகம் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் என்பது. இந்தியக் கடலில் எடுத்தவை மட்டும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. அதையும் விட்டுவிடு. கல்லுப்பவளம் முழுவதும் சைட்டீஸ் என்கிற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து கிளம்ப அந்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். இந்தோனேசியாதான் இதில் பெரிய ஏற்றுமதி நாடு, அதுவே 2018-ல் ஏற்றுமதியை நிறுத்திப் பார்த்தது. உன் பச்சைப் பவளம் எந்தத் தீவிலிருந்து வந்தது, எந்த எண்ணுள்ள அனுமதியில் வந்தது, எந்த விமான நிலையத்தில் இறங்கியது? மூன்றையும் கடைக்காரனிடம் கேட்டுப் பார். ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போனாலே தாய் யார், தகப்பன் யார், எந்த வீட்டுக் குட்டி என்று நாலு தெரு விசாரிக்கிற ஊர் நம்முடையது. நாலாயிரம் கொடுத்து ஓர் உயிரை வாங்கும்போது அந்த விசாரணை எங்கே போயிற்று?

"ஒரு சின்னத் துண்டுதானே சார்" என்பது அடுத்தது. உருண்டைப் பாறையாக வளரும் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உன் உள்ளங்கை அளவு துண்டு, நீ ஆறாம் வகுப்பில் என்னிடம் சேர்ந்தபோது ஆரம்பித்திருக்கலாம். கிளைவிடும் வகை கொஞ்சம் வேகமாக வளரும், ஆனால் அதுதான் முதலில் வெளிறும். மன்னார் வளைகுடாவில் இந்தக் கிளைப் பவளங்கள் மார்ச் வாக்கில் முட்டையையும் விந்தையும் ஒன்றாகக் கடலில் விடுகின்றன. அதிலிருந்துதான் அடுத்த தலைமுறை. பிடுங்கி வந்த ஒவ்வொரு துண்டும் அந்த இரவுக்கு வராமல் போன ஒரு தாய். உளியால் ஒரு துண்டைப் பெயர்க்கும்போது சுற்றிலும் எத்தனை நொறுங்கும், பையில் வரும் வழியில் எத்தனை சாகும் என்று எந்தக் கணக்கும் உன் படத்தில் தெரியாது. தெரிவது நீல விளக்கில் பிழைத்து நிற்கும் ஒன்றுதான்.

இனி முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னவனை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதில் மனசாட்சி இருக்கிறது. "கடல் சூடாகிக்கொண்டே போகுது சார். அங்க இருந்தா எப்படியும் செத்துப்போகும். நான் வீட்டுல வெச்சுக் காப்பாத்துறேன்."

கடல் சூடாவது உண்மை. 1998, 2010, 2016, 2024 என்று வெளிறல் வந்துகொண்டேதான் இருக்கிறது. 2016 கோடையில் மட்டும் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனது சரியில்லை. ஆனால் பிள்ளைகளே, காப்பாற்றுவது என்றால் திரும்பப் போக ஒரு வழி இருக்க வேண்டும். உன் தொட்டிப் பவளம் கடலுக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் கூடாது. இந்தோனேசியப் பவளமும், எங்கிருந்தோ வந்த நத்தையும், கடைத் தொட்டியில் தொற்றிய நோயும் ஒரே தண்ணீரில் ஊறிவிட்டன. அதைக் கொண்டுபோய்த் தூத்துக்குடியில் விட்டால் என்ன ஆகும்? மண்டபம் பகுதியில் வளர்ப்பதற்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்கிற கடற்பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெளிநாட்டில் இதைவிடப் பெரிய கதை. காட்சித் தொட்டியில் வளர்த்த காலெர்ப்பா என்ற பாசி, 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அடியில் ஒரு சின்னத் திட்டாகத் தெரிந்தது. பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது.

உண்மையிலேயே காப்பாற்றும் வேலையும் நடக்கிறது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002-லிருந்து, உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலுக்குள்ளேயே நட்டு வளர்க்கிறார்கள். அவர்கள் துண்டை எடுப்பது அந்தக் கடலில், நடுவதும் அந்தக் கடலில். முங்கி முங்கிப் பார்த்துப் பாசி துடைத்து, சாவைக் கணக்கெடுத்து எழுதுகிறார்கள். அதற்குப் பெயர் காப்பாற்றுவது. வரவேற்பறையில் விருந்தாளிக்குக் காட்டுவதற்கு வேறு பெயர்.

சரி, சட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உன்னால் வளர்க்க முடியுமா? தேர்வு செய்வது எப்படி என்று கேட்டாயே, அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

நூறு லிட்டர் தொட்டி நம் ஊர் வெயிலில் தினம் ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான் உன் வீட்டிலும் மெதுவாக நடக்கும். தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற அளவில் நிறுத்த வேண்டும். அந்த நல்ல தண்ணீரும் குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுக்க அதற்கு மேல் எவ்வளவோ சாக்கடைக்குப் போகும். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற தலைமுறை நான். எனக்கு இது உறுத்தும், உங்களுக்கு உறுத்தாமல் போகலாம்.

சூடு 25-லிருந்து 27 டிகிரிக்குள். சித்திரையில் ராஜபாளையத்தில் வீட்டுக்குள்ளேயே 35 இருக்கிறது. எனவே குளிர்விப்பான், இரவும் பகலும். அலை கிளப்ப மோட்டார், இரவும் பகலும். கழிவை நுரையாக எடுக்க ஒரு கருவி. பவளம் சுண்ணாம்பில் வீடு கட்டுவதால் தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 400-லிருந்து 450 மில்லிகிராம், அதோடு மெக்னீசியம், கார்போனேட் அளவு எல்லாம் வாரா வாரம் சோதித்து ஊற்ற வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று இறங்கும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்ததென்று செம்பு கலந்த மருந்தை ஊற்றினாயோ, மீன் பிழைக்கும், பவளம் மொத்தமும் போகும். ஒரு நாள் மதியம் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை என்று வை. அலை நின்று, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, சூடேறி, நீ அலுவலகத்திலிருந்து வருவதற்குள் நாற்றம் வாசல் வரை வந்திருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போடுகிறார்களே, அது பவளத்துக்குத் தெரியாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் தெரியும் நிறத்தில் பாதி அந்த நீல விளக்கு செய்யும் வேலை. வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல ஆரோக்கியமான பவளம் பெரும்பாலும் பழுப்பாக இருக்கும், உள்ளே பாசி நிறைந்திருப்பதால். கடையில் பளபளவென்று வெளிறிய நியான் நிறத்தில் நிற்பது பல சமயம் பாசியை இழந்துகொண்டிருக்கும் பவளம். சாகப்போவதைத்தான் அதிக விலைக்கு விற்கிறான், நீ அழகு என்று வாங்குகிறாய்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர், "எங்க ஊர்ல சட்டப்படி செய்யலாம் சார்" என்று தனியாக எழுதினீர்கள். உண்மைதான். உங்களுக்கு நான் சட்டம் பேச முடியாது. ஆனாலும் கேளுங்கள். கடலில் எடுத்ததை வாங்காதீர்கள். தொட்டியிலேயே தாய்ப் பவளத்திலிருந்து வெட்டி, தொட்டியிலேயே வளர்ந்த துண்டு கிடைக்கும், அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். தொட்டி வைத்து ஆறு மாதமாவது பவளம் இல்லாமல் ஓட்டுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூச்சியத்தில் நிற்காத தொட்டியில் உயிரை இறக்குவது, அடித்தளம் காயாமல் மாடி கட்டுவது மாதிரி. துண்டைப் பார்க்கும்போது அடிப்பக்கம் பாருங்கள். சதை விலகி வெள்ளை எலும்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். உணர்கொம்புகள் விரிந்திருக்க வேண்டும். வாங்கியதை நேரே தொட்டியில் போடாமல் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். கோனியோபோரா என்று பூங்கொத்து மாதிரி ஆடும் ஒன்றைக் காட்டுவார்கள், வீட்டுத் தொட்டிகளில் அது மெல்ல மெல்லப் பட்டினியில் சாவதில் பெயர் பெற்றது. சூரியப் பவளம் என்பதற்கு உள்ளே பாசியே இல்லை, ஒவ்வொரு வாய்க்கும் கையால் ஊட்ட வேண்டும். சொந்தப் பிள்ளைக்கு ஊட்டவே நேரமில்லை என்று தாயாரை ஊரிலிருந்து அழைத்துக்கொண்ட உங்களுக்கு அது எதற்கு? இன்னொன்று, பவளங்கள் பக்கத்து வீட்டோடு சண்டை போடும். இரவில் நீளமான கொடுக்குகளை நீட்டி அடுத்ததைச் சுட்டுவிடும், தோல் பவளங்கள் தண்ணீரில் நஞ்சே விடும். நெருக்கி அடுக்காதீர்கள்.

இதை இங்கே இருப்பவர்களும் கவனமாகப் படிக்க வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டார் முக்கியமாக. "கல்லுப்பவளம்தான் சட்டத்தில் வருகிறது, இது மெல்லுடல் வகை, பொத்தான் மாதிரி இருக்கும், விலை குறைவு, ஆரம்பப் பிள்ளைகளுக்கு ஏற்றது" என்று ஒன்றை விற்கிறார்கள். ஜோவாந்திட் என்று பெயர். அட்டவணையின் பவள வரிசையில் அது பெயர் சொல்லி இல்லை என்பது சரி. ஆனால் பூங்காவுக்குள் எடுத்திருந்தால் அது எந்த உயிராக இருந்தாலும் குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், இந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. உலகத்தில் அறியப்பட்ட மிகக் கொடிய இயற்கை நஞ்சுகளில் ஒன்று. கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டாலும், துலக்கும்போது கண்ணில் தெறித்தாலும் ஆபத்து. தொட்டிக் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. நம் வீடுகளில் எதையும் வெந்நீரில் போட்டுத் துலக்குவது பழக்கம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் "அந்தக் கல்லை நல்லாத் தேய்ச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு நீ அலுவலகம் போய்விடுவாய். யார் வீட்டில் யார் விழுவார்கள் என்று யோசித்துப் பார்.

"உயிர்ப்பாறை" என்று கிலோ கணக்கில் விற்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெயர்தான் பாறை. அதில் பெரும்பகுதி இறந்த பவளத்தின் எலும்புக்கூடும் அதில் குடியிருக்கும் நூறு உயிர்களும். செத்த யானையின் தந்தம் உயிருள்ள யானை இல்லையே என்று யாராவது வாதாடுவோமா? மண்ணில் சுட்டுச் செய்த துளைக் கற்கள் கிடைக்கின்றன. நல்ல பாக்டீரியா அதில் குடியேறச் சில வாரம் கூடுதலாக ஆகும், ஆனால் குடியேறும்.

மீனவர் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பவளத்தை உடைத்து எடுப்பவனுக்கு ஒரு நாள் கூலி கிடைக்கும், நாலாயிரம் உன் கடைக்காரனுக்குப் போகும். அந்தப் பார் இருந்தால் அதைச் சுற்றிச் சூடை, விளமீன், நண்டு, சிங்கி இறால் என்று அவன் பேரன் வரைக்கும் பிழைப்பான். பார் போன இடத்தில் வலை வெறுமையாக வரும். இதில் யார் யாருடைய பிழைப்பைக் கெடுக்கிறார்கள்?

தொட்டியே கூடாது என்று சொல்ல நான் சந்நியாசி இல்லை. கடல்நீர்த் தொட்டிதான் வேண்டும் என்றால், கோமாளி மீன் வை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை எப்போதோ கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பொரிப்பகக் குஞ்சு என்று கேட்டு வாங்கு. கடல் சாமந்தி இல்லாவிட்டால் அது வாழாது என்று கடையில் சொல்வார்கள், நம்பாதே. கடலில்தான் அதற்கு அந்தக் காவல் வேண்டும். தொட்டியில் விரட்டப் பெரிய மீன் இல்லையென்றால் ஒரு சட்டித் துண்டுக்குள் அது குடித்தனம் நடத்தும், முட்டையும் வைக்கும். பவளம் இல்லாத தொட்டிக்கு அத்தனை வெளிச்சமும் வேண்டாம், அத்தனை மருந்தும் வேண்டாம். தம்பி, உன் படத்திலேயே எனக்குப் பிடித்தது அந்த இரண்டு மீன்கள்தான்.

ஏற்கெனவே பவளம் வைத்திருப்பவர்களுக்கு. கடலில் கொண்டுபோய் விடாதீர்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். கொடுத்தவனும் வாங்கியவனும் சேர்ந்துதான் மாட்டுவீர்கள். குழுவில் இருக்கும் படத்தை அழித்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம், நாற்பது போன்களில் அது இருக்கிறது. நம் பிள்ளைகளிலேயே வழக்கறிஞர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கலந்துகொண்டு, வாங்கிய விவரத்தோடு நீங்களே வனத்துறையிடம் போங்கள். நீங்களாகப் போவதற்கும் அவர்கள் தேடி வருவதற்கும் இருக்கும் வித்தியாசத்தை வழக்கறிஞரே சொல்வார். அரசு வேலையில் இருப்பவனும், அடுத்த மாதம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப்போகிறவனும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மாப்பிள்ளை, உனக்குத் தனியாக. பால் காய்ச்சு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போ. குந்துகால் பக்கமிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை ஏற்பாட்டில் படகு விடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள், காற்றடிக்கும் நாளில் விடமாட்டார்கள். நானும் வருகிறேன், முழங்கால் ஒத்துழைத்தால். டிக்கெட் காசு என் பொறுப்பு.

படம் போட்ட தம்பி இதைப் படித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேற வேண்டாம். உன் மேல் எனக்கு வருத்தமில்லை. கேள்வி கேட்டாயே, அதுவே போதும். பின்னூட்டத்தில் சண்டை போட விரும்புபவர்கள் தாராளமாகப் போடலாம், மரியாதையோடு. என்னோடு பேச வேண்டுமென்றால் மாலை ஐந்துக்கு மேல் கூப்பிடு. மதியம் தூங்குவேன், காலையில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலில் இருப்பேன், அங்கே போனை எடுக்க மாட்டேன்.

உங்கள் அறிவியல் ஆசிரியர்,
தேவதானம்